மொட்டைத் தலைப் புண்ணும் வேப்பிலைத் தண்ணீரும்

வேண்டிக்கொண்டு அடிக்கும் மொட்டைக்குத் தலை நிறையச் சந்தனம் பூசி அனுப்புவார்கள். சாவுக்கு அடிக்கும் மொட்டைக்கு அது கிடையாது. அப்பாவுக்குக் கொள்ளி வைப்பதற்காகச் சுடுகாட்டில் என்னை உட்காரவைத்து மழித்தபோது மதியம் ஒரு மணி இருக்கும். சித்திரை வெயில். மழித்தவருக்கு அன்றைக்கு இன்னொரு இடத்திலும் வேலை இருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றித் தேய்த்தார், அது காய்வதற்குள் கத்தியை இழுத்தார். இரண்டு மூன்று இடங்களில் எரிந்தது. அதைச் சொல்லும் நேரமா அது? எதிரே சிதைக்கு எரு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்தபடியே இருந்தேன்.

அப்பா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து பதினான்கு மாதம் படுக்கையில் கிடந்தார். அம்மா அதற்குப் பல வருடம் முன்பே போய்விட்டாள். எங்கள் ஒரே மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். ஆக, அப்பாவைப் பார்த்துக்கொண்டது என் மனைவி. நானும்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் பட்டுக்கடையில் சேலை எடுத்துக் காட்டும் வேலை எனக்கு. காலையில் போனால் ராத்திரிதான் வீடு. நான் வரும்போது அப்பா துடைத்து, உடை மாற்றி, பவுடர் போட்டு, சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். "சாப்ட்டாரா?" என்று கேட்பேன். "சாப்ட்டாரு" என்பாள். என் பங்கு பெரும்பாலும் அந்தக் கேள்வியோடு முடிந்துவிடும்.

சாவு நடந்த மூன்றாம் நாளே தலை அரிக்க ஆரம்பித்தது. ஐந்தாம் நாள் பின்மண்டை முழுக்கச் சிவந்து பொரிந்துவிட்டது. முடி முளைக்கும் இடத்தில் எல்லாம் ஒரு சின்னக் கொப்புளம். சொறிந்தால் எரியும், சொறியாவிட்டால் அரிக்கும். தலையணையில் சாய முடியவில்லை, குப்புறப் படுத்தேன்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முதல் இரண்டு நிமிடம் அப்பாவைப் பற்றிப் பேசினார்கள். "நல்ல மனுசன்பா, கஷ்டப்படாம போய்ட்டாரு" என்றார்கள். அவர் கஷ்டப்பட்டுத்தான் போனார். அதை யாரிடமும் திருத்திச் சொல்லத் தெம்பு இல்லை. பிறகு பேச ஒன்றும் இல்லாமல் எல்லோர் கண்ணும் என் தலைக்கு வந்து நிற்கும்.

"இன்னாபா தலை இப்படி இருக்குது?"

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது. ஒருவர் வெந்தயத்தை ஊறவைத்து அரைத்துப் பூசச் சொன்னார். இன்னொருவர் புளித்த தயிர் என்றார். குப்பைமேனியும் மஞ்சளும் என்று ஒரு குரல். சின்ன வெங்காயச் சாறு என்று இன்னொரு குரல். உடனே அதற்கு எதிராக, "வெங்காயம் எரியும்பா, கத்தாழை போடு" என்று மூன்றாவது ஆள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒருவர் தன் மச்சானுக்குப் படை வந்து போன கதையை ஆரம்பித்தார், காபி ஆறும் வரை அது ஓடியது. அப்பாவின் படம் மாலையோடு சுவரில் இருந்தது. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அப்பாவைப் பற்றிப் பேசினால் பதில் சொல்ல வேண்டும், தலையைப் பற்றிப் பேசினால் தலையை ஆட்டினால் போதும்.

வெந்தயம் மூன்று நாள் போட்டேன். பூசியபோது குளிர்ச்சியாக இருந்தது, காய்ந்து இறுகியதும் தோலைப் பிடித்து இழுத்தது. தயிர் ஒரு நாள், அதோடு சரி. பன்னிரண்டாம் நாள் தெருக்கோடியில் இருக்கும் பெரியம்மா ஒருவர் எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி என் கையிலேயே கொடுத்தார்.

"பொடுகு, புண்ணு எல்லாத்தயும் அறுத்துரும். கொஞ்சம் கடிக்கும், பொறுத்துக்கோ."

கொஞ்சம் இல்லை. கொல்லையில் உட்கார்ந்து தேய்த்த அடுத்த நொடி, தலையில் யாரோ அடுப்புத் தணலைக் கொட்டியது போல ஆகிவிட்டது. கண்ணில் வேறு வழிந்தது. நான் கத்தியது வெளியே வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். மனைவி ஓடிவந்து தொட்டியிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினாள். பத்து, பதினைந்து சொம்பு இருக்கும். எரிச்சல் அடங்கியதும் சொம்பைக் கீழே வைத்தாள்.

"யார் இன்னா சொன்னாலும் செய்வீங்களா?" என்றாள். என் தலையைப் பார்க்காமலேயே உள்ளே போனாள். எனக்குக் கோபம் வந்தது. தலையை ஒரு தடவை பார்த்திருக்கலாமே என்று நினைத்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கடைக்குப் போனேன். வண்டியில் போனதால் தலைக்கவசம் போட்டுத்தான் ஆக வேண்டும். கடையில் கழற்றியபோது உள்துணி ஈரமாக இருந்தது, அதில் இளஞ்சிவப்பாக ஒட்டியிருந்தது. முதலாளி கண்ணாடிக்கு மேலே பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. அப்பாவின் சாவுக்கு மாலையோடு வந்து கடைசிவரை நின்றவர்.

"கல்யாணத்துக்கு எடுக்க வர்றவங்க இத பாத்தா மூஞ்சி சுளிப்பாங்கபா. புண்ணு வேற இருக்குது. கொஞ்ச நாள் மேல ஸ்டாக் ரூம்ல இரு. யாராச்சும் கேட்டா திருப்பதின்னு சொல்லிடு."

மேல்மாடி அறையில் குளிர்சாதனம் இல்லை. பட்டுச்சேலை ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை அந்த இடத்தில் ஒடிந்துபோகும், அதனால் அவ்வப்போது பிரித்து மடிப்பை மாற்றி அடுக்க வேண்டும். அந்த வேலையைக் கொடுத்தார்கள். பிரிப்பேன், மாற்றி மடிப்பேன், அடுக்குவேன். வியர்வை தலையில் இறங்கும்போது ஒவ்வொரு கொப்புளமும் தனித்தனியாகத் தெரியும். அழ வேண்டும் போல இருக்கும், ஆனால் அழுகைக்கு வேண்டிய தெம்பு இருக்காது. பதினான்கு மாதம் முடிந்தது என்ற நிம்மதியும், நிம்மதி வந்ததே என்ற அசிங்கமும், எல்லாம் கலந்து ஒரு தூக்கமாக மட்டும் மிஞ்சியது.

முகூர்த்த நாளுக்கு முன் ஒரு நாள் கூட்டம் தாங்காமல் என்னைக் கீழே கூப்பிட்டார்கள். வேலூர் பக்கத்துக் குடும்பம் ஒன்று. பெண்ணின் அப்பா என் வயதுக்காரர். கூரைச்சேலையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் தலையைப் பார்த்துச் சிரித்தார்.

"திருப்பதியாங்க?"

"ஆமாங்க."

"கூட்டம் எப்படி?"

"இருக்குதுங்க."

"தரிசனம் நல்லா கெடச்சிதா?"

"நல்லா கெடச்சிதுங்க."

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இருபது வருடமாகச் சேலை விற்கிறவன் நான். இந்த நிறம் உங்களுக்கு எடுப்பாக இருக்கும் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், அதெல்லாம் தொண்டையில் நிற்பதில்லை. இது நின்றது. அப்பா செத்ததை மறைத்து வைத்திருக்கிறேன் என்று தோன்றியது. கூட்டம் குறைந்ததும் மாடிக்குத் திரும்பி ஏறினேன்.

அந்த வாரக் கடைசியில் முசரவாக்கத்திலிருந்து அக்கா வந்தாள். அப்பா படுக்கையில் கிடந்த காலத்தில் சில ஞாயிறுகளில் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். அவளுக்கும் நிலம், மாடு, மூட்டுவலிக்கார வீட்டுக்காரர் என்று ஆயிரம் இருந்தது. இந்த முறை ஒரு பாட்டிலில் வெட்பாலைத் தைலம் கொண்டுவந்திருந்தாள். வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கத்திரிப்பூ நிறத்துக்கு மாறிவிடும்.

"நானே வெயில்ல வெச்சு எடுத்ததுடா. ஏழு நாளு. இத போடு, தோலு புதுசா வரும்."

அவளே தடவிவிட்டாள். உண்மையில் அது இதமாகத்தான் இருந்தது. அரிப்பு அடங்கியது. மூன்று நாள் ஓரளவு தூங்கினேன். நான்காம் நாள் ஸ்டாக் ரூமில் என்னை அறியாமல் தலையைத் தடவிய கையோடு ஒரு சந்தன நிறச் சேலையைத் தொட்டுவிட்டேன். முந்தானைக்கு உள்பக்கம், கட்டைவிரல் அளவுக்கு ஊதாக் கறை. என் ரேகை கூடத் தெரிந்தது.

கடையில் விற்பனைப் பெண்களில் மூத்தவர் ஒருவர், ஏனாத்தூரிலிருந்து தினமும் பேருந்தில் வருகிறவர். அந்தம்மாவைத்தான் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகப்பவுடரைக் கறை மேல் கொட்டி, எண்ணெய் ஊறும் வரை காத்திருந்து, மெல்லத் தட்டினார். பாதி போனது. மீதியைக் கறை எடுக்கிறவரிடம் கொடுத்து எடுத்தார்கள். முதலாளி திட்டவில்லை. "தலையில எண்ணெயோட மேல ஏறாதபா" என்று மட்டும் சொன்னார். அது திட்டுவதை விடக் கஷ்டமாக இருந்தது.

எண்ணெயை நிறுத்தினேன். இரண்டே நாளில் எல்லாம் பழையபடி ஆனது. இந்தத் தடவை காதுக்குப் பின்னால் இரண்டு கொப்புளங்களில் சீழ் பிடித்திருந்தது. மதியச் சாப்பாட்டின்போது ஏனாத்தூர் அம்மா என்னைக் குனியச் சொல்லிப் பார்த்தார்.

"அண்ணா, இதுவரைக்கும் இன்னா இன்னா போட்டீங்க?"

சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது.

"தலைய கொஞ்சம் சும்மா வுடுங்கண்ணா. வேப்பிலைய கொதிக்க வெச்சு, நல்லா ஆறவெச்சு, அந்தத் தண்ணிய மட்டும் ஊத்துங்க. தேய்க்காதீங்க. சீழு வெச்ச எடத்த டாக்டரண்ட காட்டுங்க, அதுக்கு வேப்பிலை பத்தாது."

மறுநாள் அவர் வீட்டு மரத்திலிருந்து ஒரு பை நிறைய இலை கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த நாள் காலையில் அடுப்பைப் பற்றவைத்து, பெரிய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, இலையை உருவிப் போட்டேன். பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் ஆரம்பித்திருந்தது. மனைவி கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் தளதளவென்று கொதித்து, கசப்பு வாசனை வீடு முழுக்கப் பரவியது. அவள் ஈரக் கையோடு உள்ளே வந்தாள், நேராக அடுப்பை அணைத்தாள்.

"எதுக்கு இது?"

"தலைக்கு. கடையில அந்தம்மா குடுத்தாங்க."

"வேணாம்."

"வெறும் வேப்பிலைதான்மா. எலுமிச்சம்பழம் மாதிரி இல்ல."

"வெறும் வேப்பிலைன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். கத்தவில்லை. சொல்லிப் பழகியவள் போல மெதுவாகப் பேசினாள். "பதினாலு மாசம், தெனமும் ரெண்டு வேள, இதே பாத்திரத்துல இதத்தான் கொதிக்க வெச்சேன். மாமா இடுப்புப் புண்ண கழுவ. இந்த வாசன வந்தா என் கை தானா துணி தேடுது. இப்பதான் ஒரு மாசமா வூட்ல இந்த வாசன இல்லாம இருக்குது. திரும்பக் கொண்டாந்து வெக்கிறீங்களே."

நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன்.

"என்னால முடியலங்க. இன்னொரு புண்ண என்னால பாக்க முடியாது. உங்க தலைய பாக்கவே இல்லன்னு உங்களுக்குக் கோவம், எனக்குத் தெரியும். பாத்தா அதான் தெரியுது எனக்கு. நானும் மனுசிதானே?"

அப்பாவுக்குப் படுக்கைப் புண் இருந்தது எனக்குத் தெரியாதது இல்லை. இரண்டு முறை பார்த்திருக்கிறேன். உள்ளங்கை அகலம். பார்த்ததும் வெளியே வந்துவிட்டேன். ராத்திரி வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது இந்த வேப்பிலை வாசனை வரும். அதை நான் வீடு சுத்தமாக இருப்பதன் வாசனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினான்கு மாதமும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பாத்திரத்தைக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கொட்டினேன். சன்னல்களைத் திறந்துவிட்டேன். அவள் அடுப்பங்கரையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் ஐம்பது ஆகப்போகிறது என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. அருகில் போய் உட்கார்ந்தேன்.

"நீ தாமல் போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டு வாம்மா" என்றேன். அவள் அம்மா வீடு அங்கேதான்.

"சமையல்?"

"பண்ணிக்கிறேன்."

"உங்க தலை?"

"அது ஆறும். நீ போ."

வேண்டாம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. எழுந்துபோய் ஒரு பையில் நான்கு சேலை எடுத்துவைத்தாள். அன்று மதியமே பேருந்து ஏற்றிவிட்டேன். சன்னலோரம் உட்கார்ந்தாள், பேருந்து கிளம்புவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் இல்லாதபோதும் வீட்டில் வேப்பிலை கொதிக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. கடைக்குச் சீக்கிரம் போய், மொட்டைமாடியில் டீ போடும் அடுப்பில் கொதிக்கவைத்து மூடிவிடுவேன். மதியத்துக்குள் ஆறிவிடும். அங்கே குழாயடியில் குனிந்து நின்றால், ஏனாத்தூர் அம்மா சொம்பில் மொண்டு ஊற்றுவார். ஊற்றியதும் தலையைத் துடைக்காமல் நிழலில் காயவிட வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். வண்டியில் போவதை நிறுத்திவிட்டு நடந்தே போய்வந்தேன், வெளுத்த பழைய வேட்டித் துணி ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு.

அரசு மருத்துவமனைக்கும் போனேன். சின்ன வயது டாக்டரம்மா. என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டு எழுத ஆரம்பித்தவர், எலுமிச்சம்பழம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டார்.

"சார், சவரம் பண்ணப்ப வந்த புண்ணு இது. முடி முளைக்கிற எடத்துல கிருமி போயிருக்கு. வுட்டிருந்தா பத்து நாள்ல ஆறியிருக்கும். நீங்கதான் விடல."

சீழுக்கு ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார். வேப்பந்தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டேன். ஆறியதாக இருந்தால் ஊற்றுங்கள், வேறு எதுவும் வேண்டாம், சொறியக் கூடாது என்றார்.

அக்கா போன் செய்தாள். தைலம் தீர்ந்ததா, இன்னொரு பாட்டில் வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், நிறுத்திவிட்டேன் என்றேன்.

"ஊரெல்லாம் சொன்னத போட்ட. நான் குடுத்தது மட்டும் ஆகலயா?"

அவளுக்கு மனம் நொந்தது தெரிந்தது. மனைவி தாமல் போயிருப்பதையும், ஏன் போனாள் என்பதையும் சொன்னேன். அந்தப் பக்கம் மாடு கத்துவது கேட்டது.

"நானும் வந்து நாலு நாள் பாத்திருக்கணும்டா" என்றாள்.

"வுடுக்கா. நான் இதே வூட்ல இருந்துக்கினே பாக்கல."

அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அப்பா செத்த பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதது அன்றுதான், அதுவும் போனில்.

ஒரு வாரத்தில் சிவப்பு மங்கியது. பொருக்கு உதிர்ந்தது. முளைக்கும் முடி மட்டும் முள்ளாகக் குத்தியது. முதலாளி என்னைக் கீழே வரச் சொன்னார். வந்த முதல் நாளே ஒரு அம்மா, மருமகளுக்குச் சேலை பார்த்துக்கொண்டிருந்தவர், திருப்பதியா என்று கேட்டுவிட்டார்.

"இல்லீங்க. அப்பா போய்ட்டாரு."

சொன்ன பிறகுதான் முதலாளி இருக்கும் பக்கம் பார்த்தேன். அந்த அம்மா கையிலிருந்த சேலையைக் கீழே வைத்தார். "எத்தன நாளு ஆச்சுபா?" என்று கேட்டார். சொன்னேன். பதினான்கு மாதம் படுக்கையில் கிடந்ததையும் சொன்னேன். "யார் பாத்துக்கினாங்க?" என்று கேட்டார். என் மனைவி என்றேன். அந்த அம்மா தலையை ஆட்டினார், வைத்த சேலையை மறுபடி எடுத்து, இதே நிறத்தில் சின்னக் கரை இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துக் காட்டினேன்.

எனக்கு வார விடுப்பு செவ்வாய்க்கிழமை. மனைவி போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அழைத்துவரலாம் என்று தாமல் பேருந்தில் ஏறினேன். நெடுஞ்சாலையில் இறங்கி உள்ளே நடந்தபோது ஏரிப் பக்கமிருந்து காற்று தலையில் பட்டது. எரியவில்லை. அத்தை வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள. அவ தூங்கினு இருக்கா. காலைல டிபன் சாப்ட்டு படுத்தவ. எழுப்பட்டா?"

"வேணாம் அத்த."

"வந்ததுல இருந்து இப்படித்தான். சாப்புடறா, தூங்கறா. ஒடம்புக்கு ஏதாச்சும் இருக்குமான்னு பயமா இருக்குது."

"ஒண்ணும் இல்ல அத்த. தூங்கட்டும்."

கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். ஒருக்களித்துப் படுத்திருந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது. மின்விசிறி அவள் முந்தானையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அத்தை கொடுத்த மோரைக் குடித்தேன். சாப்பிட்டேன். மூன்று மணி வரை உட்கார்ந்து பார்த்தேன், அவள் திரும்பிக்கூடப் படுக்கவில்லை. சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அரிசி களைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது.

"வந்துட்டு ஏன் எழுப்பாம போனீங்க?"

"நல்லா தூங்கினு இருந்த."

"தலை எப்படி இருக்குது?"

"ஆறிடுச்சு. முடி குத்துது, அவ்ளோதான்."



"இன்னும் நாலு நாள் இருந்துட்டு வரட்டுமா?" என்றாள்.

"இரு" என்றேன்.